இளம் பிள்ளைகளை எச்.ஐ.வி.யிலிருந்து காப்பது யார் பொறுப்பு?

(வல்லம் வடகாலில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூலி, போனஸ், காண்ட்ராக்ட் ஒழிப்பு, நூறு நாள் வேலைப் பாக்கி ஆகியவற்றைப் பற்றிப் பேசத்தான் நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று ஒரு வியாதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "இதெல்லாம் டாக்டர் பேச வேண்டிய விஷயமாயிற்றே, இவர்களுக்கு என்ன வந்தது?" என்று சிலர் நினைக்கக் கூடும். எங்களைப் பேச வைத்தது துண்டுச் சீட்டுகள்.

சென்ற கூட்டம் முடிந்து நாங்கள் மேடையை விட்டு இறங்கியபோது, சில பையன்களும் பெண்களும் எங்கள் கையில் சீட்டுகளைத் திணித்துவிட்டு நிற்காமல் போய்விட்டார்கள். ஒன்றிலும் பெயர் இல்லை. ஒரு சீட்டில், "ஒரே கக்கூஸை உபயோகித்தால் எய்ட்ஸ் வருமா?" என்று எழுதியிருந்தது. இன்னொன்றில், "வேலைக்கு எடுக்கும்போது ரத்தம் எடுத்தார்கள். பிறகு வேலை இல்லை என்றார்கள். என்ன காரணம் என்று சொல்லவில்லை" என்று இருந்தது. மூன்றாவது சீட்டில் ஒரே வரி: "எனக்கு இருந்தால் வீட்டில் சேர்ப்பார்களா?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு டாக்டர் பதில் சொல்ல முடியாது. இங்கே உட்கார்ந்திருக்கும் நாம்தான் சொல்ல வேண்டும்.

ஒரு வாலிபனின் சாவு

2018-ஆம் ஆண்டுக் கடைசியில் சாத்தூரில் நடந்த கொடுமை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ரத்தசோகைக்காக சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ரத்தம் ஏற்றினார்கள். அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. பத்திரிகைகள் எல்லாம் எழுதின, சட்டசபையிலும் வெளியிலும் கண்டனம் எழுந்தது. 2019-ல் ஐகோர்ட்டின் மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்க உத்தரவிட்டது. அவர் பெற்ற குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பின்னால் நடந்த பரிசோதனைகள் காட்டின. நல்லதுதான்.

ஆனால் அந்த ரத்தத்தைக் கொடுத்தவர் யார்? அவரைப் பற்றி நாம் எத்தனை நாள் பேசினோம்? அவருக்கு வயது 19. உறவினர் ஒருவருக்காக ரத்தம் கொடுக்கப் போனவர். தனக்கு ஒரு வியாதி இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. பிறகு வெளிநாட்டு வேலைக்குப் போவதற்காகப் பரிசோதனை செய்துகொண்டபோதுதான் தெரிந்தது. தெரிந்ததும் என்ன செய்தார்? ஓடி ஒளிந்தாரா? இல்லை. தாம் கொடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று தாமே போய் ஆஸ்பத்திரியில் சொன்னார். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. அவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பும் ரத்தம் கொடுத்திருக்கிறார், அப்போதே தொற்று இருப்பது ரத்த வங்கிக்குத் தெரிந்திருந்தும் அவருக்குச் சொல்லவில்லை என்ற செய்தியும் அப்போது வெளிவந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் மருந்து சாப்பிட்டிருந்தால் அவரும் நன்றாக இருந்திருப்பார், அந்தப் பெண்ணும் நன்றாக இருந்திருப்பார்.

குற்ற உணர்ச்சி அந்தப் பையனைத் தின்றது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, 2018 டிசம்பர் 30-ஆம் தேதி மதுரை ஆஸ்பத்திரியில் இறந்து போனார்.

தோழர்களே, அவர் சாவுக்குக் கிருமி காரணமல்ல. தினம் ஒரு மாத்திரையுடன் அவர் இன்று உயிரோடு இருந்திருக்கலாம், கல்யாணம் செய்துகொண்டிருக்கலாம், பிள்ளை பெற்றிருக்கலாம். நாணயமாக நடந்துகொண்ட 19 வயதுப் பையன் இந்தச் சமூகத்தின் முன்னால் முகம் காட்ட முடியாது என்று நினைத்தான். அந்த நினைப்பைக் கொடுத்தது யார்? நாமும்தான் என்று நாங்கள் சொல்லுகிறோம்.

விடுதியைப் பற்றிய வம்பு

இந்த வல்லம் வடகாலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த பூமி இது. இங்கே நாற்று நட்ட தாய்மார்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். இன்று சிப்காட் வந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் 18,720 பெண்கள் தங்குவதற்கான விடுதியை 706 கோடியே 50 லட்சம் ரூபாய் செலவில் கட்டித் திறந்தார்கள். பத்தொன்பது, இருபது வயதுப் பெண்கள், விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் இன்னும் தூரத்திலிருந்தும் வேலை தேடி இந்தப் பக்கம் வருகிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த வாலிபர்கள் ஓர் அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று ஷிப்ட் முறையில் படுத்து எழுந்திருக்கிறார்கள்.

இவர்களைப் பற்றி டீக்கடைகளில் பேசும் பேச்சு எங்கள் காதிலும் விழுகிறது. "விடுதியிலே இருக்கிற பெண்கள்" என்று ஒரு மாதிரியாக இழுப்பது, "வடக்கத்தியான்கள் வியாதி கொண்டு வருகிறான்கள்" என்பது. இப்படிப் பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டை விட்டு வந்து வேலை செய்வதால் யாருக்கும் எச்.ஐ.வி. வருவதில்லை. உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் பெண்ணுக்கு நீங்கள் பட்டம் கட்டினால், அவள் சந்தேகம் கேட்கவோ பரிசோதனைக்குப் போகவோ ஒரு நாளும் துணிய மாட்டாள். வம்பு பேசுகிறவன்தான் இந்த வியாதிக்கு முதல் ஏஜெண்டு.

இந்த வம்புக்கு நாற்பது வயதாகிறது. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் என்ற பேராசிரியரும் அவரிடம் படித்த டாக்டர் நிர்மலாவும்தான் இந்தியாவிலேயே முதன் முதலாக இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். அப்போது பெரியவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? இது மேல்நாட்டு வியாதி, நம் பண்பாட்டுக்கு இது வராது என்றார்கள். நிர்மலா மயிலாப்பூரில் அடைத்து வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் போய் ரத்தம் சேகரித்தார். வசதியான பரிசோதனைச் சாலை கிடையாது. ரத்தக் குழாய்களைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காப்பாற்றி, ராத்திரி ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார். ஆறு பேருக்குத் தொற்று இருந்தது. பெரிய சம்பளமும் விளம்பரமும் இல்லாமல், கணவருடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போய் ஒரு மாணவி செய்த வேலை இது. நாட்டுக்கே எச்சரிக்கை மணி அடித்தது அந்த வேலைதான்.

ஆனால் அந்தப் பெண்களுக்கு என்ன கிடைத்தது? வைத்தியம் அல்ல, பூட்டு! தொற்று இருக்கிறது என்று சொல்லியே பெண்களை வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். 1990-ல் சென்னை ஐகோர்ட்டுக்கு விஷயம் போன பிறகுதான் விடுதலை கிடைத்தது. அவர்களிடம் போன ஆண்களில் ஒருவரைக் கூட யாரும் பூட்டி வைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

எப்படி வரும், எப்படி வராது?

சீட்டில் கேட்ட கேள்விக்கு வருகிறோம். கக்கூஸினால் வராது. கொசுக் கடித்தால் வராது. ஒரே தட்டில் சாப்பிட்டால், ஒரே டம்ளரில் குடித்தால், கை குலுக்கினால், இருமினால், ஒரே மெஷினில் வேலை செய்தால் வராது. பாதுகாப்பில்லாத உடலுறவினால் வரும். தொற்று உள்ளவரின் ரத்தத்தை ஏற்றினால் வரும். ஒருவர் குத்திய ஊசியை இன்னொருவர் குத்திக்கொண்டால் வரும். தொற்றுள்ள தாய் மருந்து சாப்பிடாவிட்டால் வயிற்றுப் பிள்ளைக்கும் பால் குடிக்கும் பிள்ளைக்கும் வரலாம். இவ்வளவுதான்.

இவ்வளவு சின்ன விஷயம் எத்தனை பேருக்குத் தெரிகிறது? 2019 முதல் 2021 வரை சர்க்கார் நடத்திய தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், எச்.ஐ.வி. பற்றி முழுமையாகத் தெரிந்தவர்கள் நூறு பெண்களில் 22 பேர், நூறு ஆண்களில் 31 பேர்! மற்றவர்கள் பாதி தெரிந்தும் பாதி பயந்தும் இருக்கிறார்கள். "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று ஊர் ஊராக எழுதி வைத்திருந்தார்களே, இங்கே இருக்கும் நாற்பது வயதுக்காரர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். இருபது வயதுக்காரர்களைக் கேளுங்கள், புள்ளிராஜா யார் என்று விழிப்பார்கள். அந்தப் பிரசாரம் வீண் போகவில்லை. 2001-ல் தமிழ்நாட்டில் பரிசோதித்த கர்ப்பிணிகளில் நூறில் ஒருவருக்கு மேல் தொற்று இருந்தது. பிறகு அது நாலில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. ஜனங்களிடம் வெளிப்படையாகப் பேசினால் கேட்டுக்கொள்கிறார்கள் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? கணக்கு குறைந்ததும் பேச்சும் குறைந்துவிட்டது. புதிதாக வயதுக்கு வருகிற பிள்ளைகளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். வளரிளம் பருவக் கல்வி என்று ஒரு திட்டம் கொண்டு வந்தார்கள். 2007-ல் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், கர்நாடகம் போன்ற மாநிலங்களில், பண்பாடு கெட்டுவிடும் என்று அதை நிறுத்தினார்கள். 2009-ல் ராஜ்ய சபைக் கமிட்டி ஒன்றும் அதே பல்லவியைப் பாடியது. பண்பாட்டைக் காப்பாற்ற வந்த இந்தக் கனவான்களின் பிள்ளைகளுக்கு வீட்டுக்கே டாக்டர் வருவார். கரும்புக் கொல்லையிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்கிறவன் மகளுக்கு யார் வருவார்?

பெண் குழந்தைகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பதினாறு பதினேழு வயதில் கல்யாணம் பண்ணி அனுப்புகிற வழக்கம் நம் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் இன்னும் முழுக்க ஒழியவில்லை. பத்து வயது மூத்த மாப்பிள்ளையிடம், "பரிசோதனை செய்துகொண்டாயா? ஆணுறை போட்டுக்கொள்" என்று அந்தப் பெண் கேட்க முடியுமா? கேட்டால் கன்னத்தில் அறை விழும். தாலி எந்தக் கிருமியையும் தடுக்காது. உலகத்தில் பத்து வயது முதல் பத்தொன்பது வயது வரை எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறவர்கள் சுமார் 15 லட்சம் பேர். இந்த வயதில் புதிதாகத் தொற்று வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண் பிள்ளைகள். ஆப்பிரிக்காவில் இந்த நிலை மிகக் கொடுமை.

பலாத்காரத்துக்கு ஆளான பிள்ளை என்றால், 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். 28 நாள் மருந்து கொடுத்தால் தொற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். பஞ்சாயத்து பேசிக்கொண்டிருந்தால் அந்த 72 மணி நேரம் போய்விடும். எந்த ஆஸ்பத்திரியும் சிகிச்சை தர மறுக்கக் கூடாது.

ஊசி

திரிபுராவைப் பற்றி ஒரு செய்தி 2024-ல் செல்போன்களில் பரவியது. 828 மாணவர்களுக்கு எச்.ஐ.வி., 47 பேர் சாவு என்று, என்னவோ ஒரே மாதத்தில் நடந்ததுபோல. உண்மை என்ன? அது 2007 ஏப்ரல் முதல் 2024 மே வரை பதினேழு ஆண்டுகளின் கணக்கு என்று அந்த மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமே விளக்கம் கொடுத்தது. பீதியைப் பரப்பியவர்கள் விளக்கத்தைப் பரப்பவில்லை. ஆனாலும் பதினேழு ஆண்டுக் கணக்கானாலும் பிள்ளைகள் பிள்ளைகள்தானே! அங்கே முக்கியக் காரணம் போதை ஊசியைப் பங்கு போட்டுக்கொண்டது.

அது திரிபுராவில்தானே என்று இருந்துவிட வேண்டாம். வலி மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் வாலிபர்களிடையே புகுந்திருக்கிறது. போலீஸ் அடிக்கடி பிடிக்கிறது, பத்திரிகையில் போடுகிறது. பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை செய்கிறவனுக்குக் கால் கடுக்கும், தூக்கம் வராது. கூட இருப்பவன் மாத்திரை நீட்டுகிறான். நான்கு பேருக்கு ஒரு ஊசி. அவனைப் போலீஸில் பிடித்துக் கொடுத்தால் அவன் இன்னும் இருட்டுக்குள் போவானே தவிர, பரிசோதனைக்கு வர மாட்டான். அவனுக்கு வேண்டியது வைத்தியம். எட்டு மணி நேர வேலையும் வேண்டும் என்று நாங்கள் சேர்த்துக்கொள்கிறோம்.

மருந்து எப்படி வந்தது?

இப்போது இருக்கிற பிள்ளைகளில் பலர் பிறக்கும்போதே தொற்றுடன் பிறந்தவர்கள். தாய் மருந்து சாப்பிடாவிட்டால் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்று வரலாம். ஒழுங்காகச் சாப்பிட்டால் ஐந்துக்கும் கீழே வந்துவிடும். அந்த மருந்து இல்லாத காலத்தில் பிறந்த பிள்ளைகள் இன்று வாலிபர்களாகி நம்முடன் லைனில் நிற்கிறார்கள். பலரிடம், "இது சத்து மாத்திரை" என்று சொல்லியே பாட்டி வளர்த்திருப்பாள். பதினாலு, பதினைந்து வயதில் உண்மை தெரிகிறது. கோபத்தில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். விடுதியில் மாத்திரை டப்பியைப் பார்த்துவிடுவார்களோ என்று பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. நிறுத்தினால் கிருமி தலைதூக்கும், பிறகு அதே மருந்து பலிக்காமலும் போகலாம். இந்தப் பிள்ளைக்கு மாதம் ஒரு நாள் லீவு வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போக. காரணம் சொல்லாமல் லீவு கேட்டால் சம்பளத்தை வெட்டுகிறான் காண்ட்ராக்டர்.

மருந்து சும்மா வந்ததா? 2000-ஆம் ஆண்டு வாக்கில் மேல்நாட்டுக் கம்பெனிகள் ஒரு நோயாளிக்கு ஓராண்டு மருந்துக்கு 10,000 டாலருக்கு மேல் கேட்டன. 2001 பிப்ரவரியில் நம் நாட்டு சிப்லா கம்பெனி 350 டாலருக்குத் தருகிறோம் என்று சொன்னது. சிப்லா தர்மசத்திரம் அல்ல, அதுவும் லாபத்துக்குத்தான் விற்றது. ஆனால் அது எப்படி முடிந்தது? 1970-ல் வந்த நமது பேட்டண்ட் சட்டம் மருந்தின் மீது ஏகபோக உரிமை கொடுக்கவில்லை, செய்முறைக்கு மட்டும்தான் கொடுத்தது. அதே மருந்தை வேறு வழியில் நம்மவர்கள் செய்ய முடிந்தது. ஆப்பிரிக்காவின் ஏழைகள் அந்த மருந்தால் பிழைத்தார்கள். 2005-ல் அந்தச் சட்டத்தை மாற்றியபோது, பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புது உரிமை கேட்கும் தந்திரத்தைத் தடுக்கும் பிரிவு ஒன்று நுழைந்தது. அதற்கு இடதுசாரி எம்.பி.க்கள் பார்லிமெண்டில் கொடுத்த நெருக்கடி ஒரு முக்கியக் காரணம்.

2004 ஏப்ரல் 1 முதல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இந்தக் கூட்டு மருந்து இலவசம். நாட்டில் முதலில் ஆரம்பித்த எட்டு இடங்களில் நமக்கு அருகில் இருக்கும் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி அளக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால், உடலுறவின் மூலம் அது அடுத்தவருக்குப் போகாது. இது ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்ட விஷயம். ஆகவே ஒரு வாலிபனுக்கு மருந்து கிடைக்கச் செய்வதே பத்து வாலிபர்களைக் காப்பதாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ரத்தம் எடுத்து வேலை இல்லை என்று அனுப்பப்பட்ட அந்த நண்பருக்கு இதைச் சொல்கிறோம். 2017-ல் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. வேலைக்குச் சேர்க்க எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது. சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது. முடிவை அடுத்தவரிடம் சொல்லக் கூடாது. தொற்று இருக்கிறது என்பதற்காக வேலையிலிருந்து நீக்கக் கூடாது, பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது, வாடகைக்கு வீடு மறுக்கக் கூடாது, வைத்தியம் மறுக்கக் கூடாது. நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் ஒவ்வொரு ஸ்தாபனத்திலும் இந்தப் புகார்களைக் கேட்க ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் நூறு பேருக்கு மேல் வேலை செய்யாத ஆலை எது? உங்கள் ஆலையில் அந்த அதிகாரி யார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்.

ஒருவர் கூட இல்லை. சரி, அடுத்த பேச்சுவார்த்தைக் கோரிக்கைப் பட்டியலில் இதை எழுதிக்கொள்ளுவோம். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும், பயிற்சியாளர் என்று பெயர் வைத்து வேலை வாங்கப்படும் பையன்களுக்கும் சேர்த்தே எழுதுவோம்.

சட்டத்தில் இடிக்கிற இடமும் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பரிசோதனை செய்யப் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளை யாரிடம் போய்ச் சம்மதம் கேட்கும்? அப்பனிடம் கேட்டால் முதுகுத் தோல் உரியும் என்று பயந்து பேசாமல் இருந்துவிடுகிறது. தாய் தகப்பன்மார்களே, அந்தப் பயத்தை நீக்குவது உங்கள் கையில் இருக்கிறது. பிள்ளை கேட்டால் "ஏன்?" என்று குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம், கூடப் போங்கள்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் "நம்பிக்கை மையம்" என்ற பலகை இருக்கும் அறைக்குப் போகலாம். காசு கிடையாது. முதலில் உட்கார வைத்துப் பேசுவார்கள், பிறகுதான் ரத்தம் எடுப்பார்கள். போனில் கேட்க வேண்டுமானால் 1097 என்ற எண் இருக்கிறது, அதற்கும் கட்டணம் இல்லை. பெயர் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மூன்றாவது சீட்டை எழுதியவர் இந்தக் கூட்டத்தில் இருந்தால் நாங்கள் சொல்வது இதுதான்: வீட்டில் சேர்க்காவிட்டால் எங்களிடம் வாருங்கள், நாங்கள் உங்கள் வீட்டுக்கு வந்து பேசுகிறோம். மருந்துக்கும் கூட வருகிறோம்.

இரவு ஷிப்ட் பஸ் வரும் நேரமாகிவிட்டது. இன்னும் ஆறு சீட்டுகள் கையில் இருக்கின்றன. இரண்டு சீட்டுகள் ஹிந்தியில் எழுதியிருப்பதால், படித்துச் சொல்லத் தெரிந்த தோழர் யாராவது மேடைக்குப் பக்கத்தில் வந்தால் நல்லது.